ஒரு வார்த்தையின் தலையெழுத்து

வெள்ளைத்தாளையும் நீலப் பேனாவையும் குழுத் தலைவன் எர்மெக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதே பெர்மெத்துக்குப் புரிந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் விடுப்பு கேட்பதுகூடக் கணினியில்தான். கைப்பட எழுதச் சொல்லிக் கேட்பது ஒன்றே ஒன்று, விளக்கக் கடிதம். தவறு செய்தவர் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று தன் கையெழுத்தில் எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டுத் தர வேண்டும். சோவியத்தின் கொடி போயிற்று, ரூபிள் போயிற்று, தெருக்களின் பெயர்கூட இரண்டு முறை மாறிவிட்டது. விளக்கக் கடிதம் மட்டும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"ரெண்டு பத்தி போதும், எஜே" என்றான் எர்மெக். "நான் புதுசு, கத்துக்கிட்டிருந்தேன், கவனக்குறைவா சர்வர்ல விதியைத் தப்பா ஏத்திட்டேன். அவ்வளவுதான். மூணு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்துக் கிளாரா ஜுமாபேகோவ்னா வர்றாங்க. அவங்க கையில ஒரு தாளையாவது கொடுக்கணும்ல?"

"விதியை எழுதினது நீங்க."

"ஏத்தினது யாரு? பதிவுல யார் பேரு இருக்கு?" அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம். "உங்களை யாரு என்ன பண்ணப் போறா? கத்துக்குறவங்க தப்புப் பண்றது சகஜம். ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க. இதையே நான் எழுதிக் கொடுத்தா ஒப்பந்தம் போயிடும். பதினோரு பேரோட வேலை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, எஜே."

எஜே என்றால் அக்கா. மரியாதையான சொல்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மரியாதை கொடுத்தே ஆளைக் கட்டிப்போடும் வித்தை எர்மெக்குக்குக் கைவந்த கலை. 'எஜே, உங்க கையால டீ குடிச்சாதான் டீ குடிச்ச மாதிரி இருக்கு' என்பான். அவனைவிட அவள் பன்னிரண்டு வயது மூத்தவள், ஆனால் பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் பெண். அதனால் சேர்ந்த இரண்டாம் நாளே தேநீர்க் கெண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. மாலை மூன்றரைக்கு வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, கைப்பிடி இல்லாத கிண்ணங்களை வரிசையாக வைத்து, பாலும் தேநீரும் கலந்து ஊற்றுவாள். கிண்ணத்துக்குப் பாதிதான். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒருவர், பால் தீர்ந்துவிட்டதா, ஏன் பாதிக் கிண்ணம் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். எர்மெக்தான் அவருக்கு விளக்கினான். பாதி ஊற்றினால் இருங்கள், பேசுங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைத்து ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். 'எங்க எஜே யாருக்கும் நிறைச்சு ஊத்தினதே இல்ல' என்று பெருமையாகச் சொன்னான். அவளும் சிரித்து வைத்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

எர்மெக் தோளைத் தட்டுவதுபோல நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனான். பெர்மெத் தாளைப் பார்த்தாள். மணி பதினொன்றரை.

ஏழு மாதத்துக்கு முன் அவள் இங்கே கற்றுக்கொள்ளத்தான் வந்தாள், அதில் பொய்யில்லை. அதற்கு முன் பதினெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ரூட்டர்களோடு குடும்பம் நடத்தியவள். எந்தத் தகவல் பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும், ஒரு வழி அறுந்தால் எந்த வழியில் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். நிலையத்தை மூடியபோது, பல கம்பெனிகளின் நிரல்களைத் தன் சர்வர்களில் ஓட்டித் தரும் இந்த அலுவலகத்தில் தெரிந்தவர் சொல்லிச் சேர்ந்தாள். கன்டெய்னர் என்ற சொல்லை முதல்நாள் கேட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது தொர்தோய் சந்தைதான். மைல் கணக்கில் இரும்புப் பெட்டிகள், கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு, வரிசைக்கு ஒரு பெயர், பெட்டிக்கு ஓர் எண். பையன்கள் சிரித்தார்கள். பிறகு பார்த்தால் விஷயம் அதேதான். ஒவ்வொரு நிரலும் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டிக்கு ஒரு முகவரி இருக்கிறது, சுமைதூக்கி வரிசையும் எண்ணும் பார்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். மூடிமறைத்த சுரங்கப்பாதையெல்லாம் வேண்டாம், நேர் முகவரி, நேர் வழி. மற்றவர்கள் இதை மந்திரம்போலப் பேசிக்கொண்டிருந்த இரண்டாம் வாரத்தில், ஒரு பெட்டிக்கு வழி ஏன் கிடைக்கவில்லை என்பதை அவள்தான் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தாள். அன்று வீட்டுக்கு நடந்தே போனாள், அவ்வளவு சந்தோஷம்.

சந்தைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தைப் பெட்டிக்குக் கடைக்காரன் பூட்டுப் போட்டுவிட்டுப் போவான். இங்கே பூட்டு தானாக வராது. முகவரி தெரிந்த எந்தப் பெட்டியும் எந்தப் பெட்டியின் கதவிலும் போய் நிற்கலாம். அதைத் தடுக்க விதி எழுத வேண்டும். இன்ன பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் இன்னார் மட்டும் போகலாம், மற்றவர் போகக் கூடாது என்று. கிளாரா ஜுமாபேகோவ்னாவின் ரத்தப் பரிசோதனை நிலையத்துப் பெட்டிகளில் 'clinic' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதே சர்வர்களில் ஒரு கல்யாண மண்டபக் கம்பெனியின் பெட்டிகளும் இருந்தன. நடுவில் நிற்க வேண்டியது ஒரே ஒரு விதி.

அந்த விதியை ஒரு வியாழக்கிழமை எர்மெக் எழுதி, டெலிகிராமில் அவளுக்கு அனுப்பினான். 'எஜே, ஏத்துங்க. அப்படியே கத்துக்குங்க.' அவள் ஏற்றினாள். ஏற்றிவிட்டு, பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டாள். 'திங்கக்கிழமை ஆய்வு இருக்கு. பட்டியல்ல விதி இருக்கா? இருக்குல்ல? அப்புறம் என்ன?' என்றான். விதி பட்டியலில் இருந்தது. மணியும் மூன்றரை ஆகியிருந்தது. அவள் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

கல்யாண மண்டபக் கம்பெனியில் யாரோ ஒரு ஆள் சும்மா இருந்த நேரத்தில் அக்கம்பக்கத்து முகவரிகளைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு கதவு திறந்தது. உள்ளே வருகிறவர்கள் நம்மவர்கள்தானே என்று அந்தக் கதவுக்குக் கடவுச்சொல்லும் வைக்கவில்லை. முந்நூறு பேரின் பெயரும், ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதும் நேற்று முழுக்க ஊரின் கைபேசிகளில் சுற்றியது.

இன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை. எர்மெக் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "எஜே, நீங்க பேசுங்க. பொம்பள பேசினா அடங்கிடுவாங்க" என்று நீட்டினான். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக்குள் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது.

"நான் ரத்தம்தான் குடுத்தேன்" என்றாள் அந்தப் பெண். "திங்கக்கிழமை வந்து முடிவை வாங்கிக்கச் சொன்னாங்க. எனக்குக் குழந்தை நிக்காதுன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி என் மாமியாருக்குத் தெரிஞ்சிருக்கு. காகிதத்துல அச்சடிச்சு வச்சிருக்காங்க. என் பேருக்குக் கீழ கோடு போட்டு."

பெர்மெத் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கதவைத் திறந்து விட்டது யாரு?"

"தெரியல. தெரிஞ்சதும் நானே உங்களைக் கூப்பிட்டு…"

"கூப்பிடாதீங்க. போன் அவங்க கையிலதான் இருக்கும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது, போனும் நின்றது. அடங்கிவிட்டாளா என்று எர்மெக் புருவத்தால் கேட்டான். அந்தப் புருவத்தைப் பிய்த்து எறியலாமா என்று பெர்மெத்துக்குத் தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை. அவள் எப்போது என்ன செய்திருக்கிறாள்?

இப்போது வெள்ளைத்தாளைத் தள்ளி வைத்துவிட்டு அந்த விதியைத் திறந்தாள். ஒன்பது வரி. முதலிலிருந்து கடைசிவரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எல்லாம் சரி. இன்னொரு முறை படித்தாள். சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. விதி சரி, பெயர்ச்சீட்டு சரி, வழிகள் சரி, ஆனால் கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஒருவேளை தவறு தன்னுடையதேதானோ என்று ஒரு கணம் தோன்றியது. எர்மெக் சொன்னதுபோல எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. நாற்பத்துமூன்று வயதில் வேறு எவன் வேலை தருவான்?

விதியில் இருந்த பெயரை அப்படியே நகலெடுத்து, அந்தப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டிகளைக் காட்டு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றது இயந்திரம். எட்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் எப்படி இல்லாமல் போகும்? அதே பெயரைத் தன் விரலால் அடித்துக் கேட்டாள். நான்கு பெட்டிகள் வந்தன.

பெர்மெத் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டு பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தாள். முடி அளவு வித்தியாசம் கிடையாது. கண்ணால் ஆகாது என்று தெரிந்ததும், எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னாள். அவள் அடித்த சொல்லுக்கு ஆறு என்றது. ஆறு எழுத்து, ஆறு பைட். எர்மெக்கின் சொல்லுக்கு ஏழு என்றது.

ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். ரஷ்ய எழுத்துக்குத்தான் இரண்டு வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபத்தில் வருகிற சிரிப்பு. ரஷ்ய எழுத்துகளில் 'எஸ்' என்று ஒன்று உண்டு. பார்க்க ஆங்கில 'சி' மாதிரியே இருக்கும், விசைப்பலகையில் இருப்பதும் அதே கட்டையில்தான். நாள் முழுக்க ரஷ்ய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டுகிற இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது நடக்கும், அவளுக்கும் நடந்திருக்கிறது. எர்மெக் யாருடனோ ரஷ்ய மொழியில் அரட்டை அடித்துவிட்டு, பலகையை மாற்றாமல் சொல்லைத் தொடங்கியிருக்கிறான். முதல் எழுத்து சரியாகத்தான் தெரிந்திருக்கும். இரண்டாவதில் ரஷ்ய எழுத்து விழுந்ததும் விழித்துக்கொண்டு, அதை மட்டும் அழித்து, பலகையை மாற்றி, மிச்சத்தை அடித்திருக்கிறான். முதல் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் சீட்டு ஒட்டும்போது இப்படி அடித்திருந்தால் இயந்திரம் ஏற்காது, கத்தியிருக்கும். விதியின் மேற்கோள் குறிக்குள் என்ன எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு பெட்டி இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்காது. எட்டு நாளாக அந்த விதி, உலகத்திலேயே இல்லாத ஒரு வீட்டுக்குக் காவல் நின்றிருக்கிறது.

தலையெழுத்து என்பார்களே, அது இதுதான். சொல்லின் தலையில் ஒரு எழுத்து புரண்டது, எங்கோ ஒருத்தி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

டெலிகிராமைத் திறந்தாள். வியாழக்கிழமை, மூன்று மணி பத்து நிமிடம், எர்மெக் அனுப்பியது. அதிலிருந்து அந்தச் சொல்லை எடுத்து எண்ணினாள். ஏழு.

எர்மெக்கின் அறைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டே போனாள். அவன் பார்த்தான். சட்டென்று புரிந்துகொண்டான், கெட்டிக்காரன்தான். முகம் ஒரு முறை வெளுத்துப் பழைய நிறத்துக்கு வந்தது.

"யாருக்கும் கண்ணுக்குத் தெரியாத விஷயம், எஜே" என்றான். "உங்களைத் தவிர யாரும் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. நெசமாவே சொல்றேன். அடுத்த வருஷம் உங்களை மூத்த பொறியாளர் ஆக்கணும்னு நானே…"

"வியாழக்கிழமை நான் தட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க. நான் தடுத்தேனா? கையைப் புடிச்சேனா? தட்டியிருக்க வேண்டியதுதானே?"

அதுதான் அவளைச் சுட்டது. உண்மையாக இருந்ததால் சுட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரு வழியைக்கூடச் சோதிக்காமல் திறந்ததில்லை அவள். இங்கே வந்து இந்த அரைக் கிண்ண மரியாதைக்கு மயங்கி, பின்னால் தட்டிக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருக்கிறாள். குனியக் குனியக் குட்டுகிறவன் ஒரு மடையன் என்றால், குட்டக் குட்டக் குனிகிறவள் யார்?

"ஆமா, தட்டியிருக்கணும்" என்றாள். "அதை நான் எழுதித் தர்றேன். நீ எழுத வேண்டியதை நீ எழுது."

ஏழு மாதமாக ஒட்டிக்கொண்டிருந்த 'நீங்க' எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எர்மெக்குக்குத் தெரிந்தது. கன்னத்தில் அறை வாங்கியவன்போல நிமிர்ந்தான்.

"மூணு மணிக்கு எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கப் போறீங்களா? ஒரே எழுத்துக்காகவா?"

"அந்தப் பொண்ணு மானத்தை வாங்குனதும் அந்த ஒரே எழுத்துதான்."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டான் எர்மெக். உண்மையாகவே மறந்து போயிருந்தான்.

பெர்மெத் மடிக்கணினியை மூடினாள். மேசைக்குத் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். மூன்று வரி எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டாள்.

கிளாரா ஜுமாபேகோவ்னா மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். அறுபது வயது, பருத்த உடம்பு, கழுத்தில் வெள்ளிச்சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. காலையிலிருந்து எத்தனை பேர் பரிசோதனை நிலையத்து வாசலில் வந்து கத்தினார்கள் என்பது அவர் கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்ட அறையில் எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டித் துண்டுகள் வைத்த தட்டையும், பாலையும், கிண்ணங்களையும் பெர்மெத்தான் கொண்டுவந்து வைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளே செய்தாள். எர்மெக்குக்கு உயிர் வந்தது. டீ ஊற்றுகிறவள் பிரச்சினை பண்ண மாட்டாள் என்பது அவன் கணக்கு.

"எங்கள்ல ஒருத்தங்க புதுசு" என்று ஆரம்பித்தான். "இன்னும் கத்துக்கிட்டிருக்காங்க. மனுஷங்கதானே, தவறு நடந்திருச்சு. அவங்களே கைப்பட எழுதியிருக்காங்க…" என்று தாளுக்காகக் கை நீட்டினான்.

பெர்மெத் தாளை அவனைத் தாண்டி கிளாரா ஜுமாபேகோவ்னாவின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசிக்கும்போது உதடசையும் பழக்கத்தில், பாதிக் குரலில் வாசித்தார்.

"விதியை ஏற்றியவள் நான். தட்டிப் பார்க்காதது என் குற்றம். முதல் எழுத்து என்னுடையது அல்ல."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முதல் எழுத்தா? அது என்ன?"

"மொழி மாத்தாம அடிச்ச ஒரு எழுத்து" என்றாள் பெர்மெத். "பாத்தா ஆங்கில சி. நெசத்துல நம்ம எஸ். அதனால அந்த விதி உங்க பெட்டிங்க பக்கமே வரல. அடிச்சவர் அனுப்பின செய்தி என் போன்ல இருக்கு. தேதியோட, நேரத்தோட."

கிளாரா ஜுமாபேகோவ்னாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் கைபேசியில் மகளுக்கு அனுப்பும் செய்தியில் அந்த எழுத்து எத்தனை முறை அவரையும் ஏமாற்றியிருக்கும்! மெல்லத் தலையசைத்தார்.

"யாரு அடிச்சது?"

பெர்மெத் கெண்டியை எடுத்தாள். முதலில் விருந்தாளிக்கு ஊற்றினாள், வழக்கம்போலப் பாதிக் கிண்ணம், இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். அடுத்த கிண்ணத்தை எர்மெக்கின் முன்னால் வைத்தாள். ஊற்றினாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. எர்மெக் ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடவில்லை. முக்கால் வந்தது. தேநீர் விளிம்பைத் தொட்டு, விளிம்புக்கு மேலும் கொஞ்சம் உப்பி நின்ற பிறகுதான் கெண்டியை நிமிர்த்தினாள்.

கிளாரா ஜுமாபேகோவ்னா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"எடுத்துக் குடிங்க, எர்மெக்" என்றார். "ஆறிடப் போவுது."

தூக்கினால் சிந்தும். குடிக்க வேண்டுமென்றால் இரண்டு பெண்களுக்கும் முன்னால் மேசைவரை தலையைக் குனிந்துதான் உறிஞ்ச வேண்டும். எர்மெக்கின் விரல்கள் கிண்ணத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றன. வெளியே தெருவில் ஏதோ கனரக வண்டி போயிற்று. தேநீரின் மேல்பரப்பு ஒருமுறை நடுங்கியது. சிந்தவில்லை.